பாதி அமீனில் பிறந்த செம்புச் சுருள்

முனைவர் பட்டத்துக்காகச் செம்புக் கம்பியைச் சுருட்டப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்ன அன்று, அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆடு மிரண்டு கத்தியது.

அம்மா சிரித்ததில் நியாயம் இருந்தது. விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவள் சங்குசக்கரம் சுற்றுகிறவள். மருந்து அடைத்த காகிதக் குழாயை நடுவில் ஒரு வில்லையை வைத்துச் சுற்றிச் சுற்றி வளைத்து, நுனியில் பசை தடவி ஒட்டிவிடுவாள். பேசிக்கொண்டே செய்வாள். பார்க்காமலும் செய்வாள்.

"சுத்துற வேலைதான்னா இங்கனயே இருந்திருக்கலாமே. அதுக்கு எதுக்கு எம்மெஸ்ஸி படிச்சே?"

"இது வேறம்மா. கண்ணுக்கே தெரியாத கம்பி. ஒரு தலைமுடியை ஆயிரம் கீத்தாக் கிழிச்சா ஒரு கீத்து எம்புட்டு இருக்கும்? அம்புட்டு மெல்லிசு."

"அதைப் பிடிச்சுச் சுத்துறதுக்கு வெரலு?"

"கையால சுத்த மாட்டோம். தண்ணிக்குள்ள அதுவாவே வளந்து அதுவாவே சுருண்டுக்கிடும்."

அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

விருதுநகருக்கு வெளியே ஒரு கல்லூரியின் மூன்றாவது மாடியில் எங்கள் ஆய்வகம் இருந்தது. மொட்டை மாடி வெயில் நேராக உள்ளே இறங்கும். சித்திரை மாதத்தில் தனியாக அடுப்பு தேவையில்லை என்று என் நெறியாளர் சொல்வார். அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர்; சட்டைப் பையில் நான்கு பேனா. சாதாரணமாக எந்த ஊர் என்று தெரியாத தமிழ் பேசுவார், கோபம் வந்தால் ஆங்கிலம். உண்மையாகவே கோபம் வந்தால் மட்டும் பிறந்த ஊர்ப் பேச்சு வெளியே வரும். அதுவரை அதை நான் இரண்டு முறைதான் கேட்டிருந்தேன். இரண்டுக்கும் நானே காரணம்.

அவருக்குச் சுருள் வேண்டியதற்குக் காரணம் எளிது. நேரான கம்பியை இழுத்தால் அறுந்துபோகும். சுருளை இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். மடக்கி நீட்டக்கூடிய மின்கருவிகளுக்கு அப்படிப்பட்ட கம்பி வேண்டும். நேரான கம்பியை எல்லோரும் செய்கிறார்கள், நாம் சுருட்டுவோம் என்பார்.

செய்முறை சமையலைப் போலத்தான். கெட்டியான காஸ்டிக் சோடாக் கரைசலில் செப்பு நைட்ரேட்டைக் கலக்க வேண்டும். அதில் அமீன் என்ற ஒரு திரவத்தை விட்டால் கரைசல் மயில் கழுத்து நிறத்துக்கு மாறும். பிறகு, கரைந்த செம்பை உலோகமாக்க ஹைட்ரசீன் சில சொட்டுகள். அதைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தால், நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, மேலே பாலாடைபோல ஒரு செந்நிற ஏடு மிதக்கும். அந்த ஏடு முழுவதும் கம்பிதான்.

எட்டு மாதம் ஏடு எடுத்தேன். மாதம் ஒருமுறை மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்க எங்களுக்கு நேரம் ஒதுக்குவார்கள். ஒவ்வொரு முறையும் திரையில் நேரான கம்பிகள் குவியலாகக் கிடக்கும். பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிய சாத்தூர்ச் சேவு மாதிரி அழகாகவே இருக்கும். எனக்கு வேண்டியது முறுக்கு.

இந்த அமீன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆர்டர் போட்டால் வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். அதனால் நெறியாளர் அந்தப் பாட்டிலை இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் தானே அளந்து ஒரு சின்ன பீக்கரில் ஊற்றித் தருவார். கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். அதன் வாடை மட்டும் தீர்த்தத்தைப் போல இருக்காது. அம்மோனியாவும் மீனும் சேர்ந்து சண்டை போடுகிற வாடை.

தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒரு வியாழக்கிழமை, அப்படி வாங்கி வந்த பீக்கரை மேசையில் வைத்துவிட்டு நான் தும்மினேன். சாதாரணத் தும்மல் அல்ல. முழங்கை பக்கவாட்டில் போய், பீக்கர் சாய்ந்து, பாதி அமீன் மேசையில் ஓடியது.

நெறியாளர் பக்கத்து அறையில் யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். செய்யவே கூடாத காரியத்தைச் செய்தேன். கழுத்தில் கிடந்த துப்பட்டாவை உருவி மேசையைத் துடைத்தேன். மிச்சமிருந்த பாதியைக் கரைசலில் ஊற்றினேன். ஆய்வுக் குறிப்பேட்டில், அமீன் முழு அளவும் சேர்க்கப்பட்டது என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். என் குறிப்பேட்டிலேயே அழகான பக்கம் அதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள்: "கருவாடு வாங்கிட்டு வந்தியா?"

துப்பட்டாவை மூன்று முறை துவைத்தும் வாடை போகவில்லை. அதை ஆட்டுக் கொட்டகைப் பக்கம் காயப்போட்டோம். ஆடு கொட்டகையை மாற்றிக்கொண்டது.

அடுத்த வாரம் மதுரைக்குப் போகும் நாள் வந்தது. ஆறு குப்பிகள். ஆறாவது, அந்தப் பாதி அமீன் குப்பி. கொண்டுபோகாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நெறியாளர் எல்லாவற்றிலும் தன் கையால் எண் எழுதி ஒட்டியிருந்தார். பஞ்சில் சுற்றி டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

தீபாவளி நெருக்கத்தில் சிவகாசிப் பக்கத்திலிருந்து போகிற பேருந்துகளில் யாராவது பட்டாசு கொண்டுபோகிறார்களா என்று போலீஸார் ஏறிப் பார்ப்பது வழக்கம். வழியில் ஓரிடத்தில் ஏறினார்கள். ஒரு பெண் காவலர் என் பையைத் திறந்து, பஞ்சைப் பிரித்து, ஒரு குப்பியை வெளியே எடுத்தார்.

"என்னம்மா இது? மருந்தா?"

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது இரண்டாவது அர்த்தம். முதல் அர்த்தம் வெடிப்பது.

"மருந்து இல்லக்கா. செம்புக் கம்பி."

அவர் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குலுக்கினார். உள்ளே கலங்கிய செந்தண்ணீர்.

"கம்பி எங்கன இருக்கு?"

"அதுக்குள்ளதான்க்கா. கோடிக்கணக்குல இருக்கு."

"எனக்குத் தெரியலயே."

"யாருக்கும் தெரியாதுக்கா. அதைப் பாக்கத்தான் மதுரைக்குப் போறேன்."

பின் வரிசையில் ஒரு பெண், "பாவம், நல்லாப் படிச்ச புள்ளபோல" என்று பக்கத்தில் சொல்வது கேட்டது.

காவலர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஏம்மா, இது சரக்குல்ல?"

செம்புக் கம்பி காற்றுப் பட்டால் கறுத்துப்போகும். அதனால் ஆல்கஹாலில் போட்டு வைத்திருந்தோம். இதை வேதியியலாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை நன்றாக இருந்திருக்கும். பதற்றத்தில் நான் சொன்னது: "கம்பி கெட்டுப்போகாம இருக்கறதுக்கு ஊத்தி வச்சிருக்கோம்க்கா."

"கம்பிக்குச் சரக்கு ஊத்திக் குடுக்கீகளோ?"

எனக்கு எதிர் இருக்கையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அதுவரை தூங்கிக்கொண்டு வந்தார். அவர் கண்ணைத் திறந்தார். "தாயி, அந்தக் கம்பியை நீங்களே வச்சுக்கிடுங்க. தண்ணியை மட்டும் இங்கிட்டு இறுத்து விடுங்க."

பேருந்தே சிரித்தது. எனக்கு மட்டும் கண்ணில் நீர் முட்டியது. நெறியாளருக்குத் தொலைபேசியில் அழைத்து, "சார், போலீஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காவலரிடம் கொடுத்தேன்.

நெறியாளர் அங்கேயிருந்து பாடம் எடுக்கத் தொடங்கினார். காவலர் முதலில் "சரிங்க சார்" என்றார். பிறகு "ஓஹோ" என்றார். பிறகு கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். நடத்துநர் கீழே இறங்கி டீ குடித்துவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டார். கடைசியில் காவலர் கைப்பேசியைச் சுடுபாத்திரத்தைத் தருவதுபோல என்னிடம் நீட்டினார்.

"நீ போம்மா. உங்க சார் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காக."

மதுரை போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் பெரும்பகுதி கழிந்திருந்தது. நுண்ணோக்கியை இயக்குகிறவர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, மாதிரிகள் வைக்கும் தட்டை எடுத்தார். ஒவ்வொரு குப்பியிலிருந்தும் ஒரு சொட்டு விட்டு, உலர்த்தி, உள்ளே வைத்தோம். முதல் ஐந்தும் சேவு.

"ஆறாவதை விட்டுரலாமாம்மா? எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு?"

விட்டுவிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கை பழக்கத்தில் ஆறாவதுக்கு நகர்ந்துவிட்டது.

திரையில் ஒரு சுருள் கிடந்தது. நேர்த்தியாக, படுக்கை ஸ்பிரிங் போல, ஒன்பது சுற்று. பக்கத்தில் இன்னொன்று. ஓரத்தில் அரைகுறையாய் வளைந்த மூன்று.

"இது என்ன, முடி கிடி விழுந்துருச்சா?" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அடுத்த நொடியே குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதில் ஆறு என்று எழுதியிருந்தது. ஆறு என்றால் தும்மல்.

படத்தைப் பார்த்ததும் நெறியாளர் நாற்காலியிலிருந்து எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். "எப்படிம்மா?" என்றார்.

"தெரியல சார்," என்றேன். பொய் ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்ததைச் சொல்ல நாக்குப் பழகிவிடுகிறது.

படத்தின் ஒரு பிரதியை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தன் கம்பெனிக்குக் கொண்டுபோனாள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கைமாற்றிப் பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் அம்மா ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

"நாலாவது சுத்து லூசா இருக்காம். அது விலகி நிக்குதுன்னு எல்லாரும் சொன்னாக."

"அம்மா, அது செம்புக் கம்பி."

"எந்தக் கம்பின்னா என்ன, லூசுன்னா லூசுதான. பக்கத்துல அரைகுறையாக் கெடக்கே மூணு, அதையெல்லாம் எங்க கம்பெனியில கழிச்சு ஓரமாப் போட்டுருவாக. அப்பறம் ஃபோர்மேன் ஒண்ணு கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"இதுல எங்கன பத்த வைக்கிறதுன்னு கேட்டாரு."

சிரித்துக்கொண்டேன். ஆனால் ஆய்வகத்தில் சிரிப்பு வரவில்லை. குறிப்பேட்டில் எழுதியபடி மறுபடி செய்து பார்க்கச் சொன்னார் நெறியாளர். நான் எழுதியிருந்தது பொய். எழுதியபடி செய்தால் சேவுதான் வரும். வந்தது. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் சின்ன எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்றைத் தேடிப் பிடித்து வாரம் இருமுறை பார்த்தோம். சேவு, சேவு, சேவு.

பாதி அளவு ஊற்றிப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் இப்போது அவர் பக்கத்திலேயே நின்றார். தானே அளந்து, தானே ஊற்றினார்.

பிறகு அவர் துப்பறியத் தொடங்கினார். அன்றைய தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வந்தது? வெயில் எவ்வளவு? மின்சாரம் போனதா? நான் என்ன உடுத்தியிருந்தேன்? மதியம் என்ன சாப்பிட்டேன்? எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். மறைத்தது ஒன்றே ஒன்று.

"தயிர்ச் சாதமும் காராச்சேவும் சார்."

அவர் யோசித்தார். கையில் எண்ணெய் ஒட்டியிருந்து அது கரைசலில் கலந்திருக்கலாம் என்றார். மறுநாள் சாத்தூரிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் வந்தது. இப்படியாக, அறிவியலுக்காக நான் நான்கு நாள் தொடர்ந்து தயிர்ச் சாதமும் சேவும் சாப்பிட்டேன். சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவாமல் வரச் சொன்னார். அன்று போட்டிருந்த பச்சைச் சுடிதாரையே போட்டு வரச் சொன்னார்.

"துப்பட்டா எங்கே?"

"சார்?"

"அன்னைக்குத் துப்பட்டா போட்டிருந்தியே. நைலான் மாதிரி. அதுலேர்ந்து நிலைமின்சாரம் வந்திருக்கலாம்."

"துவைக்கப் போட்டிருக்கேன் சார்."

"நாளைக்குக் கொண்டு வந்துரு."

அந்தத் துப்பட்டாவை ஆட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்து உதறி, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பையில் போட்டுக் கட்டினேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கருமத்த எங்க கொண்டு போறே?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தும்மல், பாதி அமீன், பொய்க் கையெழுத்து, நான்கு நாள் சேவு. ஆடு கத்துகிற அளவுக்கு மறுபடி சிரிப்பாள் என்று நினைத்தேன். சேவு வரைக்கும் சிரிக்கத்தான் செய்தாள். பிறகு நின்றுவிட்டது.

"கொறஞ்சுபோச்சுன்னா கொறஞ்சுபோச்சுன்னு சொல்லிர வேண்டியதுதான புள்ள? எங்க கம்பெனியில மருந்து அளவை மறைச்சோம்னா கொடவுனே பறந்துரும். உங்க சாரு என்ன செய்வாரு, வைவாரு. வஞ்சா வாங்கிக்க."

அவ்வளவுதான் சொன்னாள். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் போனால் நெறியாளர் மேசையில் ஒரு பாட்டில் அல்சர் மருந்து. முதல் அர்த்தத்து மருந்து அல்ல, இரண்டாவது. முகம் வாடியிருந்தது.

"என்ன சார் ஆச்சு?"

"அன்னைக்கு நீ சாப்பிடும்போது எனக்கும் ரெண்டு வாய் சேவு குடுத்தேல்ல? நானும்தானே இந்த ரூம்ல இருந்தேன். அதனால நானும் நாலு நாளாச் சாப்பிட்டுப் பார்த்தேன். ஒத்துக்கல." அவர் வயிறு ஆமாம் என்று சொல்வதுபோல ஒரு சத்தம் போட்டது.

வயிற்றில் புண்ணோடு அந்த மனிதர் எனக்காகக் காராச்சேவு சாப்பிட்டிருக்கிறார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. பையை மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தேன். வாடை அறை முழுக்கப் பரவியது.

"இது அமீன் வாடையில்ல?" என்றார்.

"ஆமா சார். பாதி இதுலதான் இருக்கு."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் குறிப்பேட்டை எடுத்து அந்த அழகான பக்கத்தைத் திறந்தார். ஆங்கிலம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

"ஏ கூறுகெட்ட கழுத! இதச் சொல்லித் தொலைச்சா என்ன? மூணு வாரமா என்னையப் பைத்தியக்காரனா ஆட்டி வச்சிருக்கியே! காராச்சேவத் தின்னு வயிறு வெந்துபோயிக் கெடக்கேன்லா!"

நான் மூன்றாவது முறையாகக் கேட்ட ஊர்ப் பேச்சு அது. தலையைக் குனிந்து நின்றேன். அழுகை வரவில்லை, ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல இருந்தது. சற்று நேரம் மூச்சு வாங்கிவிட்டு அவர் கேட்டார்:

"எம்புட்டுக் கொட்டுச்சு?"

"சரிபாதி சார்," என்றேன். அவர் அலமாரியைத் திறந்து, அமீன் பாட்டிலை எடுத்து, சாவியையும் சேர்த்து என் கையில் கொடுத்தார். முழு அளவு, முக்கால், பாதி, கால் என்று வரிசையாகச் செய்தோம். குறிப்பேட்டில் அந்தப் பொய்ப் பக்கத்தை அவர் கிழிக்க விடவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நடந்ததை எழுதச் சொல்லி, கீழே கையெழுத்தும் போட்டார்.

பாதி அளவில் சுருள்கள் கொத்துக் கொத்தாக வந்தன. ஏன் என்பதற்கு எங்கள் ஊகம் இதுதான்: அமீன் கம்பியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, அங்கே செம்பு சேராமல் தடுக்கிறது. அதனால் கம்பி நீளத்தில் மட்டும் வளர்கிறது. அமீன் போதாமல் போனால் ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திறந்து கிடக்கும். திறந்த பக்கம் அதிகம் வளர்ந்து, கம்பி வளைய ஆரம்பித்து, வளைந்துகொண்டே போய்ச் சுருள்கிறது. கால் அளவில் சுருளும் இல்லை, கம்பியும் இல்லை, வெறும் உருண்டைகள். நெறியாளர் அதைப் பார்த்து, "பூந்தி" என்றார்.

கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். சில மாதங்கள் கழித்துக் கருத்துரை வந்தது. மதிப்பிட்டவர் நல்லவிதமாகவே எழுதியிருந்தார். ஒரு கேள்வி மட்டும் கேட்டிருந்தார்: அமீனைப் பாதியாகக் குறைக்கும் எண்ணம் ஆசிரியர்களுக்கு எப்படித் தோன்றியது?

நெறியாளர் கணினி முன்னால் உட்கார்ந்து, கோட்பாட்டு அடிப்படையில் திட்டமிட்டுக் குறைத்தோம் என்று தட்டினார். நான் பின்னால் நின்று படித்தேன். அவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார். அந்த வரியை அழித்தார்.

"தும்மலை எப்படிம்மா எழுதறது?"

"தவறுதலா அளவு குறைஞ்சுபோச்சுன்னு எழுதலாம் சார்."

"யார் தவறுன்னு கேப்பாங்களே."

"என் தவறுன்னு போடுங்க சார்."

அவர் யோசித்தார். 'ஆசிரியர்களில் ஒருவரின் கைத்தவறால்' என்று தட்டினார்.

"ரெண்டு பேர் பேருதான் மேல இருக்கு," என்றேன். "படிக்கிறவங்க உங்களையும் சந்தேகப்படுவாங்க சார்."

"படட்டும்," என்று சொல்லிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.